தோட்டத்து வாத்தியாரும் துணைவேந்தர் பயிற்சியும்

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தின் மேற்குப் புறத்தில், கோலாலம்பூர்ச் சர்வதேச விமான நிலையம் 1998இல் திறக்கப்பட்டதையொட்டி எழுந்த புது நகரங்களுள் ஒன்றாகிய பண்டார் என்ஸ்டெக்கில், கல்வி நிர்வாகிகளுக்குத் தலைமை வகிக்கும் வித்தையைக் கற்பிப்பதற்கென்றே அமைந்த இரண்டு அரசாங்க ஸ்தாபனங்கள் இன்று அடுத்தடுத்து நிற்கின்றன. ஒன்று, 1979இல் தொடங்கப்பெற்றுப் பின்னர் அமினுடின் பாக்கியின் பெயரைத் தாங்கிய கழகம். பள்ளித் தலைமையாசிரியர்களும் கல்வி இலாகா அதிகாரிகளும் அங்கே பயிலுகிறார்கள். மற்றொன்று, 2008இல் உயர்கல்வி அமைச்சு நிறுவிய உயர்கல்வித் தலைமைத்துவ அகாடமி. விரிவுரையாளராக இருந்து துறைத்தலைவராகவும், துறைத்தலைவராக இருந்து பீடாதிபதியாகவும், பீடாதிபதியாக இருந்து துணைவேந்தராகவும் உயர்கிறவர்கள், பாடம் சொல்லும் திறமை வேறு, பத்துப் பேராசிரியர்களை ஒரு முடிவுக்குக் கொண்டுவரும் திறமை வேறு என்பதை அங்கே முறையாகக் கற்கிறார்கள். இவ்விரு ஸ்தாபனங்களும் அமைந்துள்ள வட்டாரமோ, ஒரு தலைமுறைக்கு முன்புவரை, லாபு, கெர்பி, கைரோ, குபாங், பத்தாங் பெனார் என்று தோட்டப் பெயர்களாலேயே தமிழர்களுக்கு அறிமுகமாயிருந்தது. அந்தத் தோட்டங்களிலும் கல்விக்குத் தலைமை வகித்தவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு எவரும் பயிற்சி அளிக்கவில்லை. அவர்களுடைய சரித்திரத்தையும் இந்தப் பயிற்சிக்கூடங்களின் சரித்திரத்தையும் ஒரே கதையாகப் படித்தாலன்றிப் பின்னது எதைத் தீர்த்தது, எதைத் தீர்க்காமல் விட்டது என்பது விளங்காது என்பது என் அபிப்பிராயம்.

சுங்கை ஊஜோங் என்று அக்காலத்தில் வழங்கிய பிரதேசத்தில் வெள்ளைக்காரர்கள் முதலில் பயிரிட்டது காப்பி. 1891இல் சிரம்பானுக்கும் போர்ட்டிக்சன் துறைமுகத்துக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியதும், இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் ரப்பர் விலை எவரும் எதிர்பாராத உச்சத்தை எட்டியதும் சேர்ந்து, காப்பி நின்ற இடங்களையும் காடு நின்ற இடங்களையும் பால்மரத் தோட்டங்களாக மாற்றிவிட்டன. அத்தோட்டங்களின் நிர்வாகம் ஒரு படிக்கட்டு முறையில் அமைந்தது: மேலே பெரிய துரை, அவருக்குக் கீழே சின்னத்துரைமார், அப்புறம் கணக்கெழுதும் கிராணிகள், வெளிக்காட்டைப் பார்க்கும் கண்டக்டர்கள், அவர்களுக்கும் கீழே மண்டோர்களும் கங்காணிகளும். இந்த வரிசையில் முறையான பயிற்சி பெற்றவர்கள் என்று சொல்லத்தக்கவர்கள் மேற்படியில் இருந்த வெள்ளையர்கள் மாத்திரமே. 1919இல் அவர்கள் தங்களுக்கென்று தோட்ட அதிபர்களின் சங்கம் ஒன்றை அமைத்துக்கொண்டு தொழில்நுட்பத்தையும் பரீட்சைகளையும் ஒழுங்குபடுத்தினார்கள். புதிதாகக் கப்பலில் வந்திறங்கிய சின்னத்துரை மேலே ஏற வேண்டுமானால் தமிழ் பேசப் பழக வேண்டியிருந்தது. அதற்கென்று இலங்கையில் 1915இல் வெளிவந்த வெல்ஸ் என்பவரின் கைந்நூல் போன்ற புத்தகங்கள் வழக்கில் இருந்தன. பெரும்பாலும் ஏவல் வாக்கியங்களாலேயே அமைந்த தமிழ் அது. ஆட்களை நடத்துவது எப்படி என்று ஒருவனுக்குச் சொல்லித்தர வேண்டும் என்ற எண்ணம் தோட்டங்களில் இல்லாமலில்லை. யாருக்குச் சொல்லித்தர வேண்டும் என்பதிலேதான் அதற்கு வரம்பு இருந்தது.

கங்காணிக்குப் பயிற்சி தேவைப்படவில்லை. தன் ஊரிலிருந்தும் தன் உறவுமுறையிலிருந்தும் ஆட்களைத் திரட்டிக் கொண்டுவந்தவன் என்ற காரணத்தினாலேயே அவனுக்கு அதிகாரம் சித்தித்தது. தலைக்கு இத்தனை என்று துரை கொடுத்த பணமும், ஆட்கள் அவனிடம் பட்ட கடனும் அந்த அதிகாரத்தைக் காத்தன.

இந்தப் படிக்கட்டில் எங்கும் இடம் பெறாமல், ஆனால் எல்லாப் படிகளுக்கும் நடுவில் நின்றவர் பள்ளிக்கூடத்து வாத்தியார். ஐக்கிய மலாய் மாநிலங்களின் 1912ஆம் ஆண்டுத் தொழிற்சட்டமும், அதைத் தொடர்ந்து வந்த 1923ஆம் ஆண்டுச் சட்டமும் தோட்டப் பள்ளிகளுக்கு அடிப்படை வகுத்தன. 7 வயது முதல் 14 வயது வரையிலான பிள்ளைகள் 10 பேருக்குக் குறையாமல் இருக்கும் தோட்டத்தில் பள்ளி வைக்கும் கடமை நிர்வாகத்தின் தலையில் விழுந்தது. கல்வியின்மேல் கொண்ட காதலால் இந்தச் சட்டம் பிறந்ததென்று எவரும் நினைக்க வேண்டியதில்லை. பிள்ளை குட்டிகளோடு குடும்பமாக ஆட்கள் வந்து தங்கினால்தான் தோட்டத்துக்கு நிலைத்த உழைப்புக் கிடைக்கும் என்ற கணக்கும், இந்திய அரசாங்கத்தின் கண்டனத்துக்கு ஆளாகக் கூடாதென்ற எச்சரிக்கையும் அதன் பின்னே இருந்தன. சட்டம் பள்ளி வேண்டும் என்றதேயன்றி வாத்தியார் எத்தகையவராக இருக்க வேண்டும் என்பதைப் பற்றிக் கண்டிப்புக் காட்டவில்லை. ஆகவே தொழிலாளர் குடியிருந்த லயத்தின் கோடி வீட்டிலோ, ஆயாக் கொட்டகையின் ஒரு பக்கத்திலோ, மாரியம்மன் கோவில் மண்டபத்திலோ தட்டியடைத்துப் பள்ளி தொடங்கப்பட்டபோது, எழுத்தறிந்த ஒரு கங்காணியோ, கிராணிக்கு உதவியாளாக இருந்த ஒருவரோ, பால் வெட்டிக்கொண்டிருந்தவர்களுள் ஊரில் நான்கு வகுப்புப் படித்தவர் ஒருவரோ வாத்தியார் ஸ்தானத்தில் அமர்த்தப்பட்டார்.

அநேகப் பள்ளிகளில் அவர் ஒருவர்தான் ஆசிரியர். ஆதலால் அவரே தலைமையாசிரியரும் ஆனார். நான்கு வகுப்புப் பிள்ளைகளையும் ஒரே அறையில் உட்காரவைத்து, ஒரு வகுப்பு எழுதும்போது மற்றொரு வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்து, வரவுப் பதிவேட்டை இன்ஸ்பெக்டர் வரும் நாளைக்கு ஏற்ற வண்ணம் ஒழுங்கு செய்து, காலையில் பால்மரத்துக்குப் போன தாய்க்கு உதவியாகப் போய்விட்ட சிறுமியைப் பெற்றோரிடம் பேசி மறுநாளாவது திரும்ப வரவழைத்து, அவர் அறியாமலே நிர்வாகி ஆனார். பள்ளி முடிந்தபின் அவர் வேலை முடிவதில்லை. இந்தியாவுக்குப் போக வேண்டிய கடிதங்களை எழுதுவதும், வந்த கடிதங்களைப் படித்துச் சொல்லிச் சில சமயங்களில் துக்கச் செய்தியை மெல்ல மெல்ல விடுவதும், திருவிழாக் கணக்கைப் பார்ப்பதும், லயத்துச் சண்டையில் இரு தரப்பாரும் ஏற்கும் மத்தியஸ்தராக இருப்பதும் அவருடைய கைங்கரியங்களே. இன்றைய பயிற்சி வகுப்புகளில் கருத்து வேறுபாடு தீர்த்தல் என்றும், சமூகத்தோடு இணைந்து செயற்படுதல் என்றும் தனித்தனித் தலைப்பிட்டு நடத்தப்படும் விஷயங்களை எல்லாம் அவர் ஒரே மாலைப் பொழுதில் செய்தார் என்று சொல்வது மிகையாகாது.

எனினும் அவரை வானளாவப் புகழ்ந்து தெய்வமாக்கிவிடுகிற நம்மவர் வழக்கத்தில் எனக்குச் சம்மதமில்லை. தடியை நம்பிய வாத்தியார்கள் உண்டு; கங்காணியின் பிள்ளையை முன் வரிசையிலும் ஒதுக்கப்பட்ட ஜாதியாரின் பிள்ளையைப் பின் வரிசையிலும் இருத்தியவர்கள் உண்டு; மூன்று வருஷம் படித்தும் தன் பெயரை எழுதத் தெரியாத மாணவனை உருவாக்கியவர்களும் உண்டு. இவையெல்லாம் தனிமனிதக் குறைகள் என்று ஒதுக்கிவிடலாம். ஒதுக்க முடியாத குறை ஒன்று அந்தப் பதவியின் அமைப்பிலேயே இருந்தது. வாத்தியாருக்குச் சம்பளம் கொடுத்தவர் துரை. பள்ளிக்கு அரசாங்க மானியம் வந்தாலும் அது தோட்ட நிர்வாகத்தின் வழியாகவே வந்தது. அவர் குடியிருந்த வீடு தோட்டத்தினுடையது. ஆகவே பத்து வயதுப் பையனை, ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக்கொடுக்கும் பெரட்டுக் களத்துக்கு அனுப்பாமல் பள்ளிக்கு அனுப்புமாறு பெற்றோரிடம் வற்புறுத்தும் வாத்தியார், தமக்குச் சோறு போடுகிறவரின் லாபத்துக்கு எதிராகவே வற்புறுத்த வேண்டியிருந்தது. யாருக்காகத் தலைமை வகிக்கிறோமோ அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லாமல், வேறொருவருக்கு மாத்திரம் பதில் சொல்ல வேண்டியிருக்கும் தலைமை, எவ்வளவு திறமை வாய்ந்ததாயினும் ஒரு கை கட்டப்பட்ட தலைமையே. கல்வித் தலைமைத்துவத்தின் சரித்திரத்தை இந்தக் கோணத்திலிருந்து பார்க்கிறவர்கள் சொற்பம். அதனாலேயே இதை அழுத்திச் சொல்ல நேர்கிறது.

1936ஆம் ஆண்டின் இறுதியில் மலாயாவுக்கு வந்து இந்தியத் தொழிலாளரின் நிலையை ஆராய்ந்து, மறு ஆண்டு அறிக்கை வெளியிட்ட வி. எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரியாரை இங்கே நினைவுகூர்வது பொருத்தம். ராஜதந்திரி என்றும், ஆங்கிலச் சொற்பொழிவில் நிகரற்றவர் என்றும் உலகம் அவரை அறியும். ஆனால் மலாயாவில் கால் வைத்தபோது அவர் ஒரு பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 1935 முதல் 1940 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் பதவியை வகித்த அவர், வலங்கைமானில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, மாயவரத்தில் ஆசிரியராகத் தொடங்கி, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்து, சென்னை ஆசிரியர் சங்கத்தை உருவாக்கியவர்களுள் ஒருவராகி, பின்னர் கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்து, 1915இல் கோகலே மறைந்ததும் அதன் தலைவரானவர். நிர்வாகத்தை எந்த வகுப்பிலும் அவர் படித்ததில்லை. பள்ளியில் கற்றதைச் சங்கத்திலும், சங்கத்தில் கற்றதைப் பல்கலைக்கழகத்திலும் பிரயோகித்தார். அப்படிப்பட்ட ஒருவர், எழுத்தறிந்த கூலியாளையே தலைமையாசிரியராகக் கொண்ட தோட்டப் பள்ளிகள் நிறைந்த நாட்டைப் பார்வையிட வந்தார் என்பதில் ஒரு விசேஷம் உண்டு. படிக்கட்டின் கடைசிப் படியில் நின்றவரும் உச்சியில் நின்றவரும் பயிற்சியின்மையில் சமமானவர்கள். வேறுபாடு பதில் சொல்லும் திசையில்தான். தலைமையாசிரியராக இருந்த காலத்தில் சாஸ்திரியாருக்கு ஆசிரியர் சங்கம் என்ற துணை இருந்தது. லாபுத் தோட்டத்திலோ லிங்கித் தோட்டத்திலோ இருந்த வாத்தியாருக்குத் துரையைத் தவிர யாரும் இல்லை. சாஸ்திரியாருடைய அறிக்கை, உதவி பெற்ற குடியேற்றத்தைத் தடுக்கத் தக்க காரணமில்லை என்று கூறியதால் மலாயா இந்தியர் பலருக்குக் கசந்தது. ஆயினும் கங்காணி முறையில் ஆள் சேர்ப்பதைக் கைவிட வேண்டும் என்று அது பரிந்துரைத்ததையும், 1938இல் அந்த முறைக்கே முற்றுப்புள்ளி விழுந்ததையும் சேர்த்துத்தான் அதை மதிப்பிட வேண்டும். தமிழ் ஆசிரியர்களுக்கு வார இறுதிப் பயிற்சி வகுப்புகள் தோன்றியதும் அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில்தான். அங்கே கற்பிக்கும் முறை சொல்லித்தரப்பட்டது. பள்ளியை நடத்தும் முறை அல்ல.

யுத்தம் வந்தது. ஜப்பானியர் ஆட்சியில் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டு மடிந்ததும், அதே வருஷங்களில் நேதாஜியின் இயக்கம் தோட்டத்து இளைஞர்களுக்கு அணிவகுக்கவும் அணியை நடத்தவும் கற்றுக்கொடுத்ததும் தெரிந்த சரித்திரம். துரையின் எதிரே நிமிர்ந்து நிற்கலாம் என்பதைக் கற்றுக்கொண்ட அந்தத் தலைமுறையே யுத்தத்துக்குப் பிந்திய தொழிற்சங்கங்களுக்கு ஆள் கொடுத்தது. நெகிரி செம்பிலான் இந்தியத் தொழிலாளர் சங்கத்தில் 1946இல் தம் பொதுவாழ்வைத் தொடங்கிய பி. பி. நாராயணன், 1954இல் பல சங்கங்கள் இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் ஆனபோது அதன் தலைமைக்கு வந்து, பின்னாளில் சர்வதேசச் சுதந்திரத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராகவும் உயர்ந்தார். தோட்டத்துக்குள்ளே, தோட்ட நிர்வாகத்தின் சம்பளப் பட்டியலுக்கு வெளியே, நிலையான ஒரு தலைமை உண்டானது இப்படித்தான்.

1956இல் கல்வி பற்றிய ரசாக் அறிக்கையும், 1957இல் அதன் வழி வந்த கல்விச் சட்டமும் தோட்டப் பள்ளிகளை நாட்டின் கல்வி அமைப்புக்குள் சேர்த்தன. அந்த அறிக்கை உருவாவதில் பங்கு கொண்ட இளம் கல்வியாளர்களுள் ஒருவரே, 1965இல் நாற்பது வயது நிறையுமுன் மறைந்த அமினுடின் பாக்கி. வாத்தியாரைத் துரையின் சம்பளத்திலிருந்து விடுவித்த ஏற்பாட்டுக்குத் துணைநின்றவரின் பெயர், பிற்காலத்தில் தலைமையாசிரியர் பயிற்சிக்கூடத்துக்கு அமைந்தது தற்செயலாக இருக்கலாம், பொருத்தமான தற்செயல். சுதந்திரம் பெற்ற வேளையில் நாடெங்கும் 888 தமிழ்ப் பள்ளிகள் இருந்தன; இன்று 530க்குக் குறைவு. நெகிரி செம்பிலானில் மாத்திரம் சுமார் 60.

பல்கலைக்கழகத்தின் பக்கம் திரும்பினால் அங்கேயும் தோட்டத்தின் கை தெரிகிறது. 1949இல் சிங்கப்பூரில் தோன்றிய மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறை அமைக்கும் பேச்சு எழுந்தபோது, அத்துறையில் தமிழுக்குரிய இடம் எது என்ற விவாதம் மூண்டது. தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற நிதியைத் திரட்டினார். பால் வெட்டி வாழ்ந்தவர்களும் தங்கள் கூலியிலிருந்து அதற்குக் கொடுத்தார்கள். 1956இல் துறை அமைந்தது. 1961இல் அதன் தலைமையை ஏற்க வந்த சேவியர் தனிநாயக அடிகளார், கலைப்பீடத்தின் பீடாதிபதியாகவும் இருந்து, 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டை நடத்திக் காட்டினார். பல நாட்டு அறிஞர்களை அழைப்பதும், அரசாங்கத்தின் ஆதரவைப் பெறுவதும், சண்டை சச்சரவு நிறைந்த தமிழுலகத்தைச் சில நாட்கள் ஒரே கூரையின் கீழ் அமரவைப்பதும் சாமானிய காரியங்கள் அல்ல. அடிகளாருக்கு அவற்றைக் கற்பித்தது குருமடமும் பயணமுமேயன்றிப் பயிற்சிக்கூடம் அல்ல. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அந்நாளில் பீடாதிபதியைப் பீடத்து ஆசிரியர்களே தேர்ந்தெடுத்தார்கள். 1971ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டமும், 1975இல் அதற்குச் செய்யப்பட்ட திருத்தமும் வந்தபின், பீடாதிபதியைத் துணைவேந்தரும், துணைவேந்தரை அரசாங்கமும் நியமிக்கும் முறை நிலைத்தது. தோட்டத்து வாத்தியார் துரையிடமிருந்து விடுபட்டு இருபது ஆண்டுகள் ஆவதற்குள், பல்கலைக்கழகத்துப் பீடாதிபதி பதில் சொல்லும் திசை கீழிருந்து மேலாகத் திருப்பப்பட்டுவிட்டது.

இதற்குப் பிறகுதான், தலைமை என்பது கற்றுத்தரக்கூடிய தொழில் என்ற கொள்கை வேரூன்றியது. இங்கிலாந்தில் தலைமையாசிரியர்களுக்கென்று ஒரு தகுதிப் பத்திரம் ஏற்பட்டதைப் பின்பற்றி, 1999இல் அமினுடின் பாக்கி கழகம் அத்தகைய பயிற்சியைத் தொடங்கியது; 2013இல் வெளியான கல்விப் பெருந்திட்டம், வெறும் சேவைமூப்பைக் கொண்டு எவரையும் தலைமையாசிரியர் ஆக்கலாகாது, தகுதியும் பயிற்சியும் வேண்டும் என்று விதித்தது. உயர்கல்விக்கென 2015இல் தனிப் பெருந்திட்டம் வந்தது; அதைத் தொடர்ந்து பல்கலைக்கழகங்களுக்காக வெளியிடப்பட்ட வண்ணப் பெயர் கொண்ட கைந்நூல்களுள் ‘ஆரஞ்சு நூல்’ என்பது, கல்வியாளரின் உத்தியோகப் பாதையைப் போதனை, ஆராய்ச்சி, தொழில் அநுபவம், ஸ்தாபனத் தலைமை என நான்காகப் பிரித்து, எல்லாரும் ஆராய்ச்சிக் கட்டுரைகளின் எண்ணிக்கையைக் காட்டியே மேலே ஏற வேண்டும் என்ற நிர்ப்பந்தத்தைத் தளர்த்த முயன்றது. நல்ல ஆராய்ச்சியாளரைப் பிடித்து வேண்டாவெறுப்பாகப் பீடாதிபதி ஆக்கி, ஒரு நல்ல ஆராய்ச்சியாளரை இழந்து ஒரு மோசமான நிர்வாகியைப் பெறுகிற பழக்கத்தை எந்தப் பல்கலைக்கழகத்தில்தான் காணவில்லை? நிர்வாகத்தையும் ஒரு பாதையாக மதித்து, அதற்கு ஆளை முன்கூட்டியே அடையாளம் கண்டு பழக்குவது அறிவான காரியம். அதில் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

இந்த ஏற்பாடுகளெல்லாம் திறமையைப் பற்றியவை. வரவுசெலவுத் திட்டத்தை வாசிக்கவும், கூட்டத்தை நடத்தவும், மாற்றத்தை எதிர்ப்பவரோடு பேசவும் கற்றுக்கொண்ட பீடாதிபதி, தம்மை நியமித்தவருக்கும் தம்மை நம்பியிருக்கும் மாணவருக்கும் இடையே முரண்பாடு எழும்போது எந்தப் பக்கம் நிற்பது என்பதைக் கைந்நூலில் கண்டுகொள்ள முடியாது. சட்டம்தான் அதை நிர்ணயிக்கிறது. துரையின் சம்பளத்தில் இருந்துகொண்டே பிள்ளையைப் பெரட்டுக் களத்திலிருந்து மீட்ட வாத்தியாருக்கு இந்த முரண்பாடு நாள்தோறும் நேர்ந்தது. அதை அவர் எவ்வாறு சமாளித்தார், எங்கே வளைந்துகொடுத்தார், எங்கே மறுத்தார் என்பது பயிற்சிக்கூடத்தின் பாடங்களுள் ஒன்றாக வைக்கத்தக்கது.

சுற்றியிருந்த தோட்டங்களில் பல, செம்பனைக்கு மாறி, அப்புறம் வீட்டுமனைகளும் தொழிற்பேட்டைகளும் கல்லூரி வளாகங்களும் ஆகிவிட்டன. அருகிலுள்ள நீலாயில் மட்டும் பல்கலைக்கழகங்கள் சில இயங்குகின்றன. ஆட்கள் போன பின்னும் பள்ளிகள் பல தோட்டப் பெயரையே தாங்கி நிற்கின்றன. அவற்றுள் கணிசமானவை இன்னமும் பகுதி உதவி பெறும் பள்ளிகள். ஆசிரியர் சம்பளம் அரசாங்கத்தினுடையது, ஆனால் நிலம் அரசாங்கத்தினுடையது அன்று. என்ஸ்டெக்கில் பயின்று, தகுதிப் பத்திரத்தோடு அத்தகைய பள்ளி ஒன்றுக்குத் தலைமையாசிரியராகப் போகிறவர், புதிய வகுப்பறை ஒன்று கட்ட வேண்டுமென்றால், மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கும், பள்ளி மேலாளர் வாரியத்துக்கும், நிலத்துக்கு உரிமை கொண்ட கம்பெனிக்கும் தனித்தனியே விண்ணப்பம் எழுத வேண்டியிருக்கிறது. மூன்றாவது விண்ணப்பத்துக்குப் பதில் வரும்வரை முதல் இரண்டுக்கும் கிடைத்த சம்மதத்தை வைத்துக்கொண்டு அவரால் ஒரு செங்கல்லையும் வைக்க முடியாது.